வரையப்படாத குழாய்

ஆலைத் தொழிலை நாடி ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், மருந்து, மின்சாரம், பால் என ஏதேனும் ஒரு தொழிலில் நம் பிள்ளைகளும் மருமக்களும் பணியாற்றி வருகின்றனர். அவர்கள் தாளிலோ கணினித் திரையிலோ விரித்துவைத்து ஆராயும் படம் ஒன்றினை வீட்டுப் பெரியவர்கள் கண்டிருக்கலாம். கோடுகளும் அம்புக்குறிகளும், ஆங்காங்கே எண்களும், அடியில் ஓர் அட்டவணையுமாக அது காட்சி தரும். இஃது என்ன படம், இதனால் யாருக்கு என்ன பயன் என்பதனை இத்திங்கள் ஆராய்வோம். வேலைக்குச் சென்றவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதும் ஓரளவு இப்படத்தைப் பொறுத்தது என்பதால், குடும்பத்தார் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

தொழிற்சாலைகளில் ‘பிராசஸ் ஃப்ளோ டயகிராம்’ என்றும், சுருக்கமாகப் பி.எஃப்.டி. என்றும் வழங்கும் இதனை நாம் ‘ஓட்டப்படம்’ என்று கூறுவோம். வீடு கட்டுவோர் வரையும் படத்திற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. வீட்டுப் படத்தில் அடுக்களை எத்தனை அடி, வாசல் எத்திசை என்பன அளவோடு காணப்படும். ஓட்டப்படத்தில் அத்தகைய அளவுகள் இல்லை. நூறு அடி நீளமுள்ள குழாயும் பத்து அடிக் குழாயும் அதில் ஒரே நீளக் கோடாக இருக்கலாம். எந்தப் பொருள் எக்கலத்திலிருந்து எக்கலத்திற்குச் செல்கிறது, மணிக்கு எவ்வளவு செல்கிறது, எவ்வளவு சூட்டோடும் அழுத்தத்தோடும் செல்கிறது என்பவற்றைக் கூறுவதே அதன் வேலை.

பாலின் பாதை

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் காலையில் நம் வாசலுக்கு வரும் பாலையே கொள்வோம். பண்ணையில் பாலைக் கிருமி நீக்கம் செய்யும் முறைகளுள் பெரிதும் வழக்கில் உள்ளது, அதனை 72 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அச்சூட்டில் 15 வினாடியேனும் நிறுத்தி, உடனே குளிரச் செய்வதாகும். இதன் ஓட்டப்படத்தை வரைந்தால் பாதை பின்வருமாறு அமையும்.

4 டிகிரியில் குளிர்ந்திருக்கும் பச்சைப் பால் முதலில் ஒரு சிறு தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பம்பு அதனை வெப்பப் பரிமாற்றிக்குள் தள்ளுகிறது. பரிமாற்றி என்பது மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய அமைப்பு. தகட்டின் ஒரு புறம் குளிர்ந்த பச்சைப் பாலும், மறுபுறம் ஏற்கெனவே சூடேறித் திரும்பும் பாலும் ஓடுகின்றன. போகும் பால் தன் சூட்டை வரும் பாலுக்குக் கொடுத்துவிட்டுச் செல்கிறது. இவ்வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெப்பத்தை மீட்கும் அமைப்பில், பச்சைப் பால் எரிபொருட் செலவின்றியே ஏறத்தாழ 65 டிகிரியை எட்டிவிடும். எஞ்சிய 7 டிகிரியை மட்டும் வெந்நீர் கொடுத்தால் போதும். பின்னர்ப் பால் ஒரு நீண்ட வளைகுழாய்க்குள் செல்கிறது. அதனைக் கடக்க 15 வினாடிக்குக் குறையாமல் ஆகும்படி அதன் நீளம் அமைந்திருக்கும். குழாயின் முடிவில் ஒரு வெப்பமானியும், அதனை அடுத்து இருவழி வால்வும் உள்ளன. சூடு குறைந்திருப்பின் வால்வு திரும்பிப் பாலை முதல் தொட்டிக்கே அனுப்பிவிடும். மின்சாரம் தடைப்பட்டாலும் அது திரும்பும் வழியிலேயே நிற்குமாறு அமைப்பர். சூடு சரியாக இருந்தால் மட்டுமே பால் மேற்சென்று, தன் வெப்பத்தைப் பச்சைப் பாலுக்குக் கொடுத்து, குளிரூட்டியின் வழியாக மீண்டும் 4 டிகிரியை அடைகிறது.

இப்பாதையில் படத்தைக் காணாதவருக்கு எளிதில் தோன்றாத ஓர் இடர் உண்டு. பரிமாற்றியின் தகட்டில் ஊசி முனையளவு துளை விழுந்தால் என்னவாகும்? பச்சைப் பால் தூய பாலுக்குள் கசியுமானால், செய்த வேலை அனைத்தும் வீணாகும். ஆகவே தூய பால் ஓடும் புறத்தில் அழுத்தம் எப்போதும் மிகுந்திருக்க வேண்டும் என்பது விதி. அப்போது கசிவு நேர்ந்தாலும் தூய பாலே பச்சைப் பாலுக்குள் செல்லும். குடிப்பவருக்குக் கேடு இல்லை. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் அழுத்தத்தை எண்ணாக எழுதிவைக்கும்போதுதான் இரு புறத்தையும் ஒப்பிட்டு நோக்க இயலும்.

வரவும் செலவும்

ஓட்டப்படத்தின் அடியிலுள்ள அட்டவணை இல்லத்தரசியார் எழுதும் வரவு செலவுக் கணக்கிற்கு ஒப்பானது. படத்திலுள்ள ஒவ்வொரு முக்கியக் கோட்டுக்கும் ஓர் எண் இடுவர். அந்த எண்ணுக்கு நேராக அட்டவணையில் எடை, சூடு, அழுத்தம், கலவை ஆகியன எழுதப்பட்டிருக்கும். உள்ளே வந்த எடை வெளியே சென்றிருக்க வேண்டும். இல்லையேல் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

நூற்றுக்கு 6 பங்கு கொழுப்புடைய எருமைப்பால் 10,000 கிலோ கடைசல் பொறிக்குள் செல்வதாகக் கொள்வோம். அதில் கொழுப்பு 600 கிலோ. வெளிவரும் பாலேட்டில் நூற்றுக்கு 40 பங்கு கொழுப்பு இருக்குமானால், பாலேடு ஏறத்தாழ 1,500 கிலோவும், கொழுப்பு நீங்கிய பால் 8,500 கிலோவும் இருத்தல் வேண்டும். நீங்கிய பாலில் தங்கும் மிகச் சிறு கொழுப்பை இக்கணக்கில் விட்டுவிட்டோம். ஒரு நாள் பாலேடு 1,400 கிலோ மட்டுமே கிடைத்தால், 40 கிலோ கொழுப்புக்கு விடை காண வேண்டியவர்களாகிறோம். அளவுக்கருவி பிழையானதா, பொறி சரியாகக் கடையவில்லையா, எங்கேனும் ஒழுகுகிறதா என்று தேடத் தொடங்குவர். கணக்கு எழுதிய வீட்டில்தான் காசு குறைந்தது தெரியவரும். ஆலைக்கும் அதுவே நியதி.

ஒரு கேள்விக்கு ஒரு படம்

ஓர் ஆலைக்கு ஒரே படம் போதுமா என்று வாசகர்கள் வினவலாம். போதாது. முதலில் சில கட்டங்களை மட்டும் வரைந்து ‘பால் வருகிறது, சூடேறுகிறது, குளிர்கிறது’ என்று கூறும் எளிய படம் ஒன்று உண்டு. அடுத்தது நாம் கண்ட ஓட்டப்படம். அதில் பெரிய கலன்களும் பம்புகளும் முக்கியக் குழாய்களும் இருக்கும். ‘பி-101ஏ, பி-101பி’ என்று குறித்திருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு பம்புகள் உள்ளன, பெரும்பாலும் ஒன்று ஓடும்போது மற்றொன்று காத்திருக்கும் என்று பொருள். மூன்றாவது, ‘பி அண்டு ஐ.டி.’ எனப்படும் குழாய்–கருவிப் படம். ஒவ்வொரு வால்வும், வடிகாலும், காப்பு வால்வும், அளவுக்கருவியும், குழாயின் குறுக்களவும் அதில் காணப்படும். இவற்றுக்கு அப்பால், குழாய் எவ்விடத்தில் வளைகிறது, எதன்மேல் தாங்கி நிற்கிறது என்பனவற்றை அளவோடு காட்டும் பொறியியற் படங்கள் வேறு உள்ளன.

ஒவ்வொரு படமும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை கூறுகிறது. ஓட்டப்படம் ‘பொருள் செல்லுமா?’ என்பதற்கு விடை கூறும். ‘குழாய் தாங்குமா?’ என்று அதனைக் கேட்டால் அது வாய் திறவாது. இவ்வேற்றுமையை மறந்ததனால் நேர்ந்த கேட்டினை இங்கிலாந்து நாட்டு ஆலை ஒன்றின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

தரையில் வரைந்த கோடு

இங்கிலாந்தில் டிரென்ட் ஆற்றங்கரையில் ஃபிளிக்ஸ்பரோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த நைப்ரோ ஆலையில் நைலானுக்கு மூலப்பொருளாகிய கேப்ரோலாக்டம் செய்யப்பட்டு வந்தது. அதன் ஒரு பிரிவில் ஆறு பெரிய வினைக்கலன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுத் தாழ்வாக அமைந்திருந்தமையால், சைக்ளோஹெக்சேன் என்னும் திரவம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தானே வழிந்து சென்றது. இத்திரவம் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 81 டிகிரியில் கொதித்துவிடும். ஆலையிலோ அதன் சூடு ஏறத்தாழ 155 டிகிரி. வளிமண்டலத்தைப் போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமே அதனைத் திரவமாக அடக்கி வைத்திருந்தது. அடைப்பு நீங்கினால் கணப்பொழுதில் பெரும்பகுதி ஆவியாகி எங்கும் பரவும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும்.

1974 மார்ச் 27 அன்று ஐந்தாம் கலத்தில் வெடிப்பு ஒன்று காணப்பட்டது. அக்கலத்தை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைக்க முடிவு செய்தனர். ஓட்டப்படத்தை மட்டும் நோக்கின் இதில் குறை ஏதும் தோன்றாது. ஆறு கலன்களுக்குப் பதில் ஐந்து, நான்கிலிருந்து ஆறுக்கு ஒரு கோடு, திரவம் செல்லும். உண்மையில் சென்றது. ஏப்ரல் 1 அன்று உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று.

ஆனால் இரு கலன்களின் வாய்களும் ஒரே மட்டத்தில் இல்லை. ஆகவே குழாய் இரண்டிடங்களில் வளைக்கப்பட்டது. வாய்களின் அகலம் 28 அங்குலம். கிடைத்த குழாயோ 20 அங்குலம். இரு முனைகளிலும் துருத்தி போன்று நெளிந்து கொடுக்கும் இணைப்புகள் இருந்தன. உள்ளிருந்த அழுத்தம் இரு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளியபோது, அவை ஒரே நேர்கோட்டில் இல்லாமையால் குழாயை முறுக்கி வளைக்கும் விசை எழுந்தது. அவ்விசையை எவரும் கணக்கிடவில்லை. சாரக் கம்பங்களே குழாய்க்குத் தாங்கலாயின. அக்குழாய்க்கென வரையப்பட்ட ஒரே படம், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் கீறிய கோடேயாகும். ஆலையின் தலைமைப் பொறியாளர் ஆண்டுத் தொடக்கத்திலேயே விலகியிருந்தார். அவர் இடம் நிரப்பப்படாமலே இருந்தது. ‘இது தாங்குமா?’ என்று கேட்கும் கடமையுடையவர் அங்கே இல்லை.

1974 ஜூன் 1, சனிக்கிழமை. மாலை ஐந்து மணியாக ஏழு நிமிடங்கள் இருந்தபோது, குழாய் முறிந்து வெளியேறிய ஆவி மேகம் வெடித்தது. 28 பேர் மாண்டனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ 1,800 வீடுகள் சேதமுற்றன. வார நாளாக இருந்து அலுவலர் அனைவரும் பணியில் இருந்திருந்தால் இழப்பு இன்னும் பன்மடங்காகியிருக்கும். இரண்டு மாத காலம் குழாய் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். பழுதான ஏற்பாடு முதல் நாளே தன் பழுதைக் காட்டிக்கொள்ளும் என்னும் உறுதி இல்லை.

கழற்றப்பட்ட குழாய்

நம் நாட்டு போபாலில் நேர்ந்ததனை அறியாதார் இலர். 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி, மெத்தில் ஐசோசயனேட் நிரம்பிய தொட்டி ஒன்றில் நீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் நச்சுப்பொருள் ஊரின்மேல் பரவிற்று. நீர் எவ்வழியே புகுந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. வெளிப்படும் வாயுவை எரித்துவிடுவதற்கென ஆலையில் எரிகோபுரம் ஒன்று இருந்தது. அதற்குச் செல்லும் குழாயின் அரித்துப்போன பகுதியைக் கழற்றியிருந்தமையால், அன்றிரவு அது பயன்படவில்லை. தொட்டியைக் குளிர்விக்கும் பொறியும் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது.

ஃபிளிக்ஸ்பரோவில் முறையாக வரையப்படாத குழாய் ஒன்று தரையில் நின்றது. போபாலிலோ திட்டத்தில் இடம்பெற்ற குழாய் தரையில் இல்லாமற்போயிற்று. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். தாளில் காண்பதும் நேரில் உள்ளதும் வேறுபட்டால், தாளை நம்பி முடிவெடுப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவராகிறார்.

இத்தகைய கேடுகளைத் தவிர்க்க இன்று இரண்டு வழக்கங்கள் நிலைபெற்றுள்ளன. ஒன்று, ‘ஹேசாப்’ எனப்படும் ஆய்வு. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1960களில் உருவாகிய இம்முறையில், பல துறையினர் ஒன்றுகூடிக் குழாய்–கருவிப் படத்தை விரித்து, ஒவ்வொரு குழாயையும் குறித்துச் சில சொற்களைக் கொண்டு வினவுவர். ஓட்டம் இல்லையானால் என்ன? மிகுந்தால் என்ன? குறைந்தால் என்ன? தலைகீழானால் என்ன? வேறு பொருள் வந்தால் என்ன? பால் பண்ணையில் தூய பாலின் அழுத்தம் மிகுந்திருக்க வேண்டும் என்று கண்டோமே, அவ்விதி ‘தலைகீழ்’ என்னும் கேள்விக்கும் தக்க விடையாகிறது.

மற்றொன்று, மாற்றத்திற்கு முறையான ஒப்புதல் பெறுதல். தற்காலிகமானாலும், ஒரு முழக் குழாயானாலும், மாற்றத்தை முதலில் தாளில் வரைந்து, அத்துறையை அறிந்தவர் ஒப்பிய பின்னரே தரையில் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் பழைய படங்களைத் திருத்த வேண்டும். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதி இதனைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. 1989இல் இடர்மிகு வேதிப்பொருள்களுக்கான விதிகள் பிறந்தன. விதிகள் பிறந்தால் மட்டும் போதாது. சிவப்பு மையால் படத்தில் திருத்தம் எழுதும் கை ஒவ்வோர் ஆலையிலும் இருந்தாக வேண்டும்.

இளைஞர்களுக்கும் இல்லத்தாருக்கும்

ஆலைப் பணியில் புதிதாகச் சேரும் நம் இளைஞர்களுக்கு மேலதிகாரி இடும் முதல் வேலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். குழாய்–கருவிப் படத்தைக் கையில் கொடுத்து, ‘இக்குழாயின் வழியே நடந்து பார்த்து வா’ என்பார். வெயிலில் ஏணி ஏறி இறங்கும் இவ்வேலையைப் படித்தவருக்கு உரியதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணாதிருப்பீர்களாக. படத்தில் உள்ள வால்வு நேரில் இல்லையேல் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் உள்ள குழாய் படத்தில் இல்லையேல் தயங்காது கேளுங்கள். மூத்தவர் சினந்தாலும் கேள்வி கேட்பவரே ஆலைக்கு உற்ற நண்பர். பிள்ளைகள் அத்தகைய கேள்வியைக் கேட்டு உற்பத்தி ஒரு நாள் தாமதமாயிற்று என்று வீட்டில் கூறினால், பெற்றோர் அவர்களை மெச்ச வேண்டுமே அன்றி, ‘உனக்கேன் வம்பு?’ என்று அடக்குதல் தகாது.

ஆலைக்குச் செல்லாதவர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. நம்மில் பலர் அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்கிறோம். நகராட்சி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர் ஆகிய மூன்றும் வரும் கட்டடங்கள் பல. தரையடித் தொட்டி, மோட்டார், மாடித் தொட்டி, பத்துப் பதினைந்து வால்வுகள் என அதுவும் ஒரு சிறு ஆலையே. எந்த வால்வைத் திறந்தால் எவ்வீட்டுக்கு நீர் செல்லும் என்பது பெரும்பாலும் காவலாளி ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் விடுப்பில் ஊருக்குச் சென்றுவிட்டால் கட்டடமே தத்தளிக்கிறது. அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. தட்டுப்பாட்டுக் காலத்தில் குழாய்ப் பணியாளர் எவரோ கழிப்பறைத் தொட்டிக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்திருக்கலாம். தட்டுப்பாடு நீங்கும், துண்டுக் குழாய் நீங்காது. அழுத்தம் மாறும் வேளையில் கழிப்பறை நீர் குடிநீருக்குள் புகக்கூடும். நோய் வந்த பின்னர் மருத்துவரை நாடுகிறோம், குழாயை நினைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இதற்குப் போதும். கட்டடத்திலுள்ள பொறியாளர் ஒருவரும், குழாய்ப் பணியாளரும், காவலாளியும் சேர்ந்து குழாய்களின் வழியே நடக்கட்டும். தொட்டிகளைக் கட்டங்களாகவும், குழாய்களைக் கோடுகளாகவும், நீர் செல்லும் திசையை அம்புக்குறியாகவும் ஒரு தாளில் வரையட்டும். பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். அவர்களுக்கு நல்ல பாடமாகும். ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதிய தகடு ஒன்றைக் கட்டுங்கள். பின்னர் அத்தாளைப் பார்த்துக்கொண்டே ‘இங்கு நீர் தலைகீழாக ஓடினால் என்ன?’ என்று ஒவ்வொரு கோட்டையும் கேளுங்கள். வேண்டாத இணைப்புகளை அறுத்து மூடியிடுங்கள். படியை மோட்டார் அறையில் ஒட்டி, நாளையும் எழுதுங்கள். இனி ஒரு குழாயை மாற்றுவோர் அத்தாளையும் திருத்திவிட்டே கூலி பெற வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது மையுமே. அடுத்து நிகழும் கட்டடக் குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துரைக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.